அப்பாவிடம் கேள்வி கேட்காதே, பாடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இதைப் போனில் சொன்னால் அப்பா காதிலும் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டதும் "என்னப்பா சாப்பிட்டீங்க?" என்று கேட்கிறாய். இட்லி சாப்பிட்டது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தச் சொல்தான் வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. திணறிப் பார்த்துவிட்டு, கண் கலங்கி, போனை என்னிடம் தள்ளிவிடுகிறார். நீயும் அழுதுகொண்டே வைக்கிறாய். இனிமேல் கேள்வி வேண்டாம். பாடு.

ஸ்பீச் தெரபிக்கு வரும் பெண் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். பக்கவாதம் தாக்கியது அப்பாவின் மூளையின் இடப்பக்கத்தை. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாட்டுக்கோ வலப்பக்கத்தின் துணை நிறைய உண்டு, அது அவருக்கு நன்றாக இருக்கிறது. அதனால்தான் 'தண்ணி' என்ற ஒரு சொல்லுக்குத் தவிக்கிறவர், டி.எம்.எஸ். பாட்டை நான் எடுத்துக்கொடுத்தால் சரணம் வரை சொல் தப்பாமல் பாடுகிறார்.

பாடினால் பேச்சு தானாக வந்துவிடும் என்று நினைக்காதே. மனப்பாடமான பாட்டு வேறு, வேண்டியதை வாய்விட்டுக் கேட்பது வேறு. அதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவில், பாஸ்டனில் உருவாக்கினார்களாம். தினமும் தேவைப்படும் சின்ன வாக்கியத்தை மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டே சுரத்தில் இழுத்துப் பாட வேண்டும். ஒவ்வொரு அசைக்கும் அவருடைய இடது கையைத் தட்டிக்கொடுக்க வேண்டும். "தண்...ணி... வே...ணும்." பழகப் பழக மெட்டைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். 2011-ல் தலையில் குண்டடிபட்ட அமெரிக்கப் பெண் எம்.பி. கேப்ரியல் கிஃபர்ட்ஸ் பேச்சை மீட்டதிலும் இசைச் சிகிச்சைக்குப் பங்கு உண்டு. அப்பா இப்போது தண்ணீரைப் பாதி பாட்டாகவும் பாதி பேச்சாகவும் கேட்டு வாங்குகிறார், தெரியுமா!

போனில் சேர்ந்து பாட முடியாது, குரல் பிந்தி வரும். நீ ஒரு வரி பாடி நிறுத்து, அடுத்த வரி அவருக்கு. நேரமாகிறதே என்று அதையும் நீயே பாடிவிடாதே.

நடைக்கும் பாட்டுதான். தாளம் காதில் விழுந்தால் கால் அதற்கு ஒத்து அடிவைக்கிறது. பக்கவாதம் வந்தவர்களுக்கும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கும் இப்படி நடைப்பயிற்சி கொடுக்கிறார்கள். நம் வீட்டில் அதற்குத் திருப்புகழ். புத்தகத்தில் பாட்டுக்கு மேலே 'தனதன... தனதான' என்று சந்தம் போட்டிருக்குமே, அதை நான் சொல்லச் சொல்ல முற்றத்திலிருந்து வாசல் வரை வருகிறார். அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய சந்தம் இந்த வீட்டில் ஒருவரை நடக்க வைக்கிறது. எனக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

கூடவே பாடுவதில் என் மனமும் லேசாகிறது. சாயங்காலம் வந்தாலே முன்பெல்லாம் ஒரு பயம் பிடித்துக்கொள்ளும், இப்போது அது இல்லை.

நீ அனுப்பிய ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்தான். ஆனால் அதில் ஏற்றியிருக்கும் வீணையும் புல்லாங்குழலும் அவரை அசைக்கவில்லை. நாள் முழுக்க ஓடவிட்டாலும் எரிச்சல்படுகிறார். காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் போதும், அதுவும் அவருடைய பாட்டாக இருக்க வேண்டும். 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் கேட்ட பாட்டுதான் எவருக்கும் ஆழமாகப் பதிகிறது என்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆச்சிக்குப் பெற்ற பிள்ளையே அடையாளம் தெரிவதில்லை, இளவயதில் பாடிய கும்மிப் பாட்டு மட்டும் அப்படியே வருகிறது.

நான் இந்த வீட்டுக்கு வரும்போதே அப்பாவுக்கு 27 வயது. அதற்கு முன் இலங்கை வானொலியில் எதையெல்லாம் விரும்பிக் கேட்டார் என்பது உன் பெரியத்தைக்குத்தான் தெரியும். அவளுக்கும் வயதாகிறது, தள்ளிப்போடாதே. இந்த வாரமே போன் போட்டு, படம், பாடியவர் எல்லாம் கேட்டு எழுதி அனுப்பு. பாட்டின் முதல் அடி மட்டும் ஞாபகம் இருந்தாலும் சரி, மீதியை நான் தேடிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா