புயலுக்குப் பின் பள்ளி திறப்பு – பெற்றோர் கவனத்துக்கு

இராயபுரம், சென்னை
17.12.2016

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

வரும் திங்கட்கிழமை, 19ஆம் தேதி, வழக்கமான நேரத்தில் பள்ளி திறக்கும். முதலமைச்சர் ஜெயலலிதா மறைவு, அடுத்த வாரமே வர்தா புயல் என்று இந்த மாதம் பாடம் சரியாகவே நடக்கவில்லை. தள்ளிப்போன அரையாண்டுத் தேர்வுகளின் தேதி துறையிலிருந்து வந்ததும் அறிவிப்புப் பலகையில் போடுவோம். வாட்ஸ்அப்பில் சுற்றும் அட்டவணை எதையும் நம்பவேண்டாம்.

போன வருஷ வெள்ளத்தில் அடிபட்ட அனுபவத்தில் உங்களில் பலர் இந்த முறை முன்கூட்டியே புத்தகம், சான்றிதழ் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிவிட்டீர்கள். ஆனால் இந்தத் தடவை வந்தது காற்று, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். மொட்டைமாடி ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் முதலில் பறந்தது. புத்தகம் போன பிள்ளைகளின் பெயரை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள், ஏற்பாடு செய்கிறோம். சான்றிதழ் நனைந்திருந்தால் வெயிலில் போடாதீர்கள், மை வெளுத்துவிடும். வெள்ளைத்தாள்களுக்கு நடுவே வைத்து நிழலில் உலர்த்துங்கள். முழுக்கச் சிதைந்திருந்தால் நகல் வாங்க விண்ணப்பிப்பதற்கு அலுவலகத்தில் உதவுவார்கள்.

பள்ளிக்குள் இருந்த பெரிய தூங்குமூஞ்சி மரம் சைக்கிள் ஸ்டாண்டு மேல் சாய்ந்துவிட்டது. ஏழாம் வகுப்பு ஓடுகளும் நொறுங்கிவிட்டன. நல்லவேளையாக அன்று விடுமுறை. விழுந்த மரத்தின் அடியைப் போய்ப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மரத்துக்கு வேர் ஒரு தோசைக்கல் மாதிரி தட்டையாக, மேலோடு மேலாகத்தான் இருந்தது. தளம் போட்டபோது அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் பூசி, குழாய்க்குப் பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை வெட்டி, வயருக்காக ஒரு பக்கக் கிளையை மட்டும் கழித்துவிட்டால் மரம் எப்படி நிற்கும்? பின்பக்கம் மண்தரையில் நிற்கும் வேம்பு இரண்டு கிளை முறிந்ததோடு தப்பித்துக்கொண்டது.

அன்று பிற்பகல் காற்று சட்டென்று அடங்கியதும் புயல் போய்விட்டது என்று பிள்ளைகள் தெருவில் இறங்கி வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். பெரியவர்களும்தான். அது புயலின் கண், அதாவது காற்று அடங்கியிருக்கும் நடுப்பகுதி, கடந்த நேரம். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடித்தது. முதல் காற்றில் ஆட்டம் கண்டிருந்த மரங்களில் பல அப்போதுதான் விழுந்தன. இதை வகுப்பில் விளக்கப்போகிறோம், நீங்களும் வீட்டில் சொல்லிவையுங்கள்.

திங்கட்கிழமை முதல் ஏழாம் வகுப்பு நூலகத்தில் நடக்கும். மைதானத்துக்குக் கயிறு கட்டியிருக்கிறோம், மரத்தை அறுத்து எடுக்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. வரும் வழியில் அறுந்து தொங்கும் வயர், திறந்து கிடக்கும் பில்லர் பாக்ஸ் (தெரு மின்பெட்டி) பக்கம் பிள்ளைகள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளை இந்த வாரம் யாராவது கூட வந்து விட்டுப்போவது நல்லது. சீருடை காயவில்லை என்றால் எந்த உடையிலும் வரலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். மதிய உணவு உண்டு. குடிநீர் மட்டும் மோட்டார் ஓடும்வரை வீட்டிலிருந்து கொடுத்தனுப்புங்கள்.

பழைய 500, 1000 ரூபாய் நோட்டு மாற்றப் போய் வரிசையில் நின்று, இப்போது கரண்ட் இல்லாமல் ஏடிஎம்மும் மூடிக் கிடக்கும் நிலையில் எந்தக் கட்டணமும் கேட்பதாக இல்லை. அதைப்பற்றி ஜனவரியில் பேசிக்கொள்வோம். காசிமேட்டில் படகும் வலையும் சேதமாகித் தொழிலுக்குப் போக முடியாமல் இருக்கும் குடும்பங்கள், கூச்சப்படாமல் என்னை வந்து பாருங்கள்.

மரக்கன்று தருவதாகச் சில பெற்றோர் சொன்னீர்கள், மிக்க நன்றி. சீக்கிரம் நிழல் தரும் என்று குல்மோகர் வேண்டாம். வேம்பு, புங்கம், புன்னை கொடுங்கள். சிமென்டை உடைத்துக் குழி எடுத்த பிறகு கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்