நானே பார்த்துக்கொள்கிறேன் என்றவனின் நன்றி மடல்

அன்புள்ள டூசான் சொந்தங்களுக்கு,

போன சனிக்கிழமை மாலை நம் குடியிருப்புக் கூடத்தில் ‘ரியோ பிராவோ’ என்ற பழைய ஹாலிவுட் கௌபாய் படம் போட்டோமே, அதற்கு உதவியவர்களுக்காக இந்த மடல். "பெரிய வேலை ஒன்றும் இல்லை, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியவன் நான். கடைசியில் நாற்காலி போட்டதுகூட நான் இல்லை.

முதல் நன்றி, என்னை ஓல்ட் டூசான் படப்பிடிப்புத் தளத்துக்குக் கூட்டிப்போன அண்ணனுக்கு. இந்த அரிசோனா ஊருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கேட்ஸ் பாஸ் மேட்டில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பிவிடுவேன். இன்னும் கொஞ்சம் இறங்கினால், 1939-ல் ‘அரிசோனா’ என்ற படத்துக்காகக் கட்டிய ஊர் ஒன்று இருப்பது தெரியும், போனதில்லை. 1958 கோடையில் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ், ஜான் வெய்னையும் டீன் மார்ட்டினையும் ரிக்கி நெல்சனையும் கூட்டிக்கொண்டு ‘ரியோ பிராவோ’ எடுக்க வந்து இறங்கியது அங்கேதான். 1995-ல் பிடித்த தீயில் அதில் நிறைய போய்விட்டது. மிச்சத்தில் நான் எதையோ தேடிக்கொண்டு மேலும் கீழும் நடக்க, அண்ணன் இரண்டு மணி நேரம் நிழலில் உட்கார்ந்திருந்தார். முகம் சுளிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலும் அவர் கொண்டுவந்ததுதான்.

அப்புறம், ஹாக்ஸின் பழைய பேட்டிகளைத் தேடி எடுத்துத் தந்த நூலக அம்மையார். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் இந்தப் பத்தியை மட்டும் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். உங்களில் பலருக்குப் பிடித்துப்போன டீன் மார்ட்டின் கதை அவர் எடுத்துத் தந்ததில் கிடைத்தது. 1956-ல் நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிசோடு இருந்த ஜோடி முறிந்ததும், மார்ட்டினின் சினிமா அவ்வளவுதான் என்று பேசியவர்கள் உண்டு. இந்தப் படத்தின் குடிகாரத் துணை ஷெரிஃப் வேடத்துக்கு அவரைக் காலையில் வரச் சொன்னாராம் ஹாக்ஸ். வந்து நின்றார். முந்தின இரவு லாஸ் வேகாஸில் நள்ளிரவுவரை பாடிவிட்டு, சீக்கிரமே எழுந்து விமானம் பிடித்து வந்திருக்கிறார். இப்படி மெனக்கெடுகிற ஆளுக்கே வேடம் என்று ஹாக்ஸ் அங்கேயே முடிவுசெய்துவிட்டார். போய் உடை போட்டுக்கொண்டு வா என்றால், மேடை நாடகக் கௌபாய் மாதிரி பளபளவென்று வந்திருக்கிறார் மனிதர். எனக்கு வேண்டியது குடிகாரன் என்று திருப்பி அனுப்பினாராம். அன்றைய என் பேச்சில் அந்தக் குடிகாரனின் அழுக்குச் சட்டையைப் பற்றிச் சொன்னபோது முன்வரிசையில் சிரித்த மாமாவுக்கும் ஒரு நன்றி. பேச்சு அதுவரை கொஞ்சம் தள்ளாடிக்கொண்டிருந்தது.

தமிழ் சப்டைட்டில் எழுதிய அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. 141 நிமிடப் படம், வேலை முடிந்து வந்து ராத்திரிதான் உட்கார முடியும் அவரால். மார்ட்டினின் பாத்திரத்தை ஊர்க்காரர்கள் ‘பொர்ராச்சோன்’ என்று ஸ்பானிஷில் கூப்பிடுவார்கள். நான் ‘குடிகாரர்’ என்று மரியாதையாக எழுதியிருந்தேன். அக்கா அதை அடித்துவிட்டு ‘மொடாக்குடியன்’ என்று போட்டார். கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

வில்லன் கூலி கொடுத்து வாசிக்கச் சொல்லும் ‘தெகுவேயோ’ என்ற டிரம்பெட் இசையின் பெயரும் அப்படித்தான். கழுத்தை அறுப்பது என்று பொருள், யாருக்கும் உயிர்ப்பிச்சை இல்லை என்ற மிரட்டல். "கழுத்தறுப்பு என்று போட்டால் உன் பேச்சைச் சொல்வதாக நினைப்பார்கள்" என்று சொல்லி, ‘ஒருத்தனும் தப்ப மாட்டான்’ என்று மாற்றினார். அந்த டிரம்பெட் இசை பழையதல்ல, இசையமைப்பாளர் டிமிட்ரி டியோம்கின் இந்தப் படத்துக்காகவே போட்டது. அடுத்த வருடம் வந்த வெய்னின் ‘அலமோ’விலும் அதைப் பயன்படுத்திக்கொண்டார். கை நடுங்கி, சிகரெட்கூடச் சுருட்ட முடியாத மார்ட்டின், கோப்பையில் ஊற்றிய மதுவைக் குடிக்கப்போய், அந்த இசை காதில் விழுந்ததும் அப்படியே பாட்டிலுக்குள் திருப்பி ஊற்றுவாரே. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது. பதினைந்து தடவை பார்த்திருப்பேன், இன்னும் கையைத்தான் பார்க்கிறேன்.

கிட்டார் தம்பிக்கு வருகிறேன். சிறைக்குள் பாடும் அந்தப் பாட்டின் மெட்டு, 1948-ல் ஹாக்ஸும் வெய்னும் சேர்ந்த ‘ரெட் ரிவர்’ படத்தில் டியோம்கின் போட்டது என்று வாயால் சொன்னால் யாருக்குப் புரியும்? தம்பி இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டியதால்தான் விளங்கியது. தம்பிக்கும் பதினெட்டு, படப்பிடிப்பு நடந்த அந்த மே மாதம் ரிக்கி நெல்சனுக்கும் பதினெட்டு. ஆகஸ்டில், அமெரிக்காவில் புதிதாகத் தொடங்கிய பில்போர்டு ஹாட் 100 என்ற பாட்டுத் தரவரிசைப் பட்டியலின் முதல் முதலிடமே ரிக்கியின் பாட்டுதான். அப்படிப்பட்டவன் கையில் கிட்டார், தொப்பியை முகத்தில் சாய்த்துக்கொண்டு படுத்தபடி பாட மார்ட்டின். இரண்டு பாடகர்கள் கிடைத்திருக்கிறார்கள், பாட வைக்காமல் விடுவாரா ஹாக்ஸ்? கதை நகரவில்லை என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

"காபிக் குவளையோடு நிற்கிறவர் ஏன் பாடவில்லை?" என்று கேட்ட பாட்டிக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. பாட்டி, வெய்ன் 1933-ல் பாடும் கௌபாயாக நடித்திருக்கிறார். நம் ஊர் மாதிரி இரவல் குரல்தான். ஆகவே அவர் சிரித்துக்கொண்டு நின்றதே நல்லது.

சத்தம் வராத விஷயத்துக்கு மன்னிப்பும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன். படத்தின் முதல் சில நிமிடங்களுக்கு எந்தப் பாத்திரமும் பேசாது என்று நான் முன்கூட்டியே பீற்றிக்கொண்டதால், ஸ்பீக்கர் ஒயரை நான் செருகவே இல்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் பக்தியோடு பார்த்தீர்கள். எச்சில் பாத்திரத்தில் விழுந்த வெள்ளி நாணயத்துக்காக மார்ட்டின் குனிந்தபோதும் ஒரு சத்தமில்லை. துப்பாக்கி வெடித்தும் சத்தமில்லை என்றபோது "அங்கிள், ஒயர்" என்று எழுந்து வந்த எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு நன்றி. திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவரான லீ பிராக்கெட் ஒரு பெண், பின்னால் ‘எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ என்ற ஸ்டார் வார்ஸ் படத்தை எழுதியவர்களிலும் ஒருவர் என்றதும் அவள் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

‘ஹை நூன்’ என்ற கௌபாய் படத்தில் ஊர்க்காவல் அதிகாரியான மார்ஷல் ஊரெல்லாம் உதவி கேட்டு அலைவது ஹாக்ஸுக்குப் பிடிக்கவில்லை, அதற்குப் பதிலடியாகத்தான் இதை எடுத்தார். இதில் ஷெரிஃபாக வரும் வெய்ன் யாரிடமும் கேட்க மாட்டார், வருகிறேன் என்பவரையும் வேண்டாம் என்பார். ஆனால் ஒவ்வொரு இக்கட்டிலும் யாரோ ஒருவர்தான் காப்பாற்றுவார். நாயகி ஏஞ்சி டிக்கின்சன் ஜன்னல் வழியாகப் பூந்தொட்டியை எறிவார், ரிக்கி துப்பாக்கியை வீசுவான். இடைவேளையில் புளியோதரை தீர்ந்து நான் முழித்தபோது, கேட்காமலே காரிலிருந்து இன்னொரு அடுக்கை இறக்கிய அத்தையைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பூந்தொட்டி ஞாபகம்தான் வந்தது.

அத்தை, அடுக்கு கழுவி என் வீட்டில் இருக்கிறது. மூடி இரண்டு இருக்கின்றன, உங்களுடையது எது என்று வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். தம்பியின் கிட்டார் பட்டையும் இங்கேதான் கிடக்கிறது.

அன்புடன்,
ஒயர் செருக மறந்தவன்