ஆடிப் பிறந்தநாளும் பட்டுப்புடவையும்

அன்புள்ள மைதிலி,

உன் கடிதம் கிடைத்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் சமையலறை அலமாரி விஷயத்தில் மாமியாரோடு சமரசம் ஆகிவிட்டதென்றால் நீ கெட்டிக்காரிதான். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, பேப்பரை மறுபடி வரி விடாமல் படித்து எங்களுக்கும் வாசித்துக் காட்டுகிறார். இனி உன் புடவை.

பிறந்தநாளுக்கு உன் வீட்டுக்காரர் பட்டு எடுத்துத் தருகிறேன் என்கிறார், அம்மா காஞ்சிபுரத்துக்கே போகச் சொல்கிறாள், அத்தை தி. நகரில் வழக்கமான கடை இருக்கிறது என்கிறார், யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருந்தாய். கடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் உன் மனசில் மூன்று கேள்வி தனித்தனியாக இருக்க வேண்டும்: நூல் பட்டா, ஜரிகை அசலா, நெசவு கைத்தறிக் கோர்வையா, அதாவது உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோத்ததா. கடைக்காரர் ‘ப்யூர்’ என்ற ஒரே சொல்லில் இந்த மூன்றையும் மூட்டை கட்டிவிடுவார். முதல் கேள்விக்கு மட்டும் ஆமாம் என்கிற புடவைக்கு மூன்றுக்கும் சேர்த்து விலை கொடுத்துவிட்டு வருவதுதான் இதில் சாதாரணமாக நடக்கிற ஏமாற்றம்.

நூல் விஷயம் சுலபம். மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் லேபிள் 2004இலிருந்து இருக்கிறது. புடவையில் தொங்கும் லேபிளில் ஹாலோகிராமும் தனி எண்ணும் இருக்கும். அது இயற்கைப் பட்டு என்பதற்கு மட்டுமே உத்தரவாதம், நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். ஜரிகையைப் பற்றியோ தறியைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லாது. விசைத்தறியில் ஓடி, செம்பு ஜரிகை போட்ட புடவைக்கும் நூல் பட்டாக இருந்தால் சில்க் மார்க் கிடைக்கும். லேபிள் இல்லாவிட்டால் முந்தானை நுனியில் தொங்குகிற பாவு நூலில் (நீளவாக்கில் ஓடுவது) ஒன்றும், ஓரத்தில் உருவி எடுத்த ஊடை நூலில் (குறுக்கே ஓடுவது) ஒன்றும் கொளுத்திப் பார்க்கச் சொல். பட்டு மெதுவாக எரியும், முடி கருகிய வாடை வரும், நெருப்பை எடுத்ததும் அணையும், மிஞ்சும் கரிமணி விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் நசுங்காத கெட்டி மணியாகும். செயற்கை ரேயான் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாவு ஒன்று, ஊடை ஒன்று என்று இரண்டையும் பார்ப்பது முக்கியம். பாவில் பட்டும் ஊடையில் வேறொன்றும் போட்ட புடவைகள் நிறைய.

ஜரிகைதான் விலையை ஏற்றுவது. அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்கமுலாம் பூசியது. தங்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, வெள்ளிதான் பெரும் பங்கு. ‘தங்க ஜரிகை’ என்று சொன்னாலும் நீ கொடுப்பது வெள்ளியின் விலை, அதனால் வெள்ளி ஏறும்போதெல்லாம் புடவையும் ஏறும். நெசவாளர்களுக்கு இது கிராமில் வராது, ‘மார்க்கு’க் கணக்கில் வரும், ஒரு மார்க்கு 242 கிராம். அடுத்த ரகம் ‘டெஸ்டட்’ ஜரிகை. செம்புக் கம்பியில் முலாம் போட்டது. பார்வைக்குக் கிட்டத்தட்ட அதேதான், சில வருஷத்தில் பழுப்பேறும். மூன்றாவது பிளாஸ்டிக் ஜரிகை, மினுமினுப்பு அதிகம், எடை கிடையாது.

ஒரு ஜரிகை இழையை நகத்தால் சுரண்டி உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அசல் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது போதும். இப்போது சிவப்புச் சாயம் போட்ட பாலியஸ்டர் நடுநூலும் வருகிறது. சிவப்பு இல்லை என்றால் சந்தேகப்படு. இருக்கிறது என்பதற்காக நம்பிவிடாதே. நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் எக்ஸ்ஆர்எஃப் கருவிதான். நகைக்கடையில் வளையலை வைத்துப் பார்ப்பார்களே, அதே கருவி. வெள்ளி, செம்பு, தங்கம் எத்தனை சதவீதம் என்று சீட்டு வரும், புடவைக்குச் சேதம் இல்லை. ஜரிகைக்காகவே பணம் கொடுப்பதானால் அந்தச் சோதனை கிடைக்கிற கடையாகப் பார். கிடைக்காவிட்டால் பில்லில் ‘அசல் ஜரிகை’ என்று எழுதித் தரச் சொல். வாயால் சொல்லத் தயங்காதவர் எழுதத் தயங்கினால் பதில் தெரிந்துவிடும். எடையை வைத்து மட்டும் முடிவு செய்யாதே. செம்புக்கும் எடை உண்டு, கஞ்சிக்கும் உண்டு.

இனி நெசவு. எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நீட்டிவிடுவேன், பொறுத்துக்கொள். காஞ்சிப் பட்டுக்குப் பெயர் வந்ததே கோர்வையால். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகிற தறிக்கட்டை), இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா என்று மூன்று நாடா ஓடும். ஒவ்வொரு ஊடைக்கும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒரு கரையின் நாடாவைத் தள்ள நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். கூலி கூடுவதும் நாள் கூடுவதும் இதனால்தான்.

கடையில் இதைக் கண்டுபிடிக்க முதல் வழி, கரையின் தரையைப் பார்ப்பது. ஜரிகைப் பூ இல்லாத வெற்றிடமாகப் பார்த்துப் புடவையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடி. அரக்குக் கரை என்றால் பாவும் ஊடையும் அரக்காகவே இருக்க வேண்டும். பச்சை உடலின் ஊடை கரைக்குள்ளும் ஓடியிருந்தால் அரக்கில் பச்சைச் சாயல் அடிக்கும். அது கோர்வை இல்லை. பிறகு திருப்பிப் போட்டு, உடலும் கரையும் சேரும் கோட்டில் விரலை ஓட்டு. கோர்வையில் சின்ன மேடு தட்டுப்படும், கோடு துளி ஏற்ற இறக்கமாகவும் இருக்கும். அதைக் குறை என்று ஒதுக்கிவிடாதே.

முந்தானையிலும் இதே பார்வைதான். முந்தானை வேறு நிறமாக இருந்தால், உடலின் பாவு முடிகிற இடத்தில் புது நிறப் பாவை இழை இழையாகச் சேர்த்திருப்பார்கள். அதற்குப் பெட்னி என்று பெயர். சேர்த்த இடத்தில் இரண்டு நிறப் பாவும் ஒன்றின்மேல் ஒன்று கிடப்பதால் சின்னப் பட்டை மாதிரி தடிப்பாகத் தெரியும். பெட்னி போடாமல் ஊடையை மட்டும் மாற்றினால் முந்தானை முழுதும் இரு நிறம் கலந்து அடிக்கும். அதுவும் அழகுதான், ஆனால் பெட்னி விலை கொடுக்க வேண்டியதில்லை. எல்லாப் புடவைக்கும் கோர்வை தேவை என்றும் நினைக்காதே. உடலும் கரையும் ஒரே நிறமென்றால் கோர்வைக்கு வேலையே இல்லை.

உன் நிலைமைக்கு என் தீர்ப்பு: நூலும் கோர்வையும் விட்டுக்கொடுக்காதே, கை கடித்தால் ஜரிகையின் அளவைக் குறைத்துக்கொள். அகலக் கரையில் மட்டமான ஜரிகையைவிட, சின்னக் கரையில் நல்ல ஜரிகை மேல். ஜரிகையே குறைவாக, உடலில் வைரஊசிக் கோடோ கட்டமோ போட்ட கோர்வைப் புடவை கல்யாண வீட்டுக்கும் ஆகும், கோயிலுக்கும் ஆகும். நகை கட்டிய மாதிரி முழு ஜரிகைப் புடவையைக் கல்யாணத்துக்கே எடுத்தாகிவிட்டதே, அது பீரோவை விட்டு எத்தனை தடவை இறங்கியது?

கடைக்கு வருவோம். ‘காஞ்சிபுரம் பட்டு’ 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்காகக் காஞ்சிபுரத்தில் விற்பதெல்லாம் அங்கே நெய்தது ஆகிவிடாது. பேருந்து நிலையத்திலேயே ‘நெசவாளர் நேரடி விலை’ என்று கூட்டிப்போக வருகிறவருக்குக் கடையில் கமிஷன் உண்டு, அது உன் பில்லில்தான் ஏறும். காஞ்சிபுரம் போவதானால் கூட்டுறவுச் சங்கக் கடைகளுக்கு நேராகப் போ. பேரம் கிடையாது, ரகம் எழுதியிருக்கும். சென்னையிலேயே என்றால் கோ-ஆப்டெக்ஸ். 1935இல் ஆரம்பித்தது, சில புடவைகளில் நெய்தவரின் பெயரும் படமும் போட்ட அட்டைகூடத் தொங்கும். அத்தையின் வழக்கமான கடைக்கும் ஒரு மரியாதை உண்டு. பழகின கடையில் மாற்றித் தருவார்கள், நூல் உருவிப் பார்க்கக் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

உன் பிறந்தநாள் ஆடியில் வருவது ஒரு வசதி. கல்யாண முகூர்த்தம் கிடையாது என்பதால் பட்டுப் பகுதியில் கூட்டம் குறைவு. ஆடித் தள்ளுபடி வேறு. தள்ளுபடிக்கு வருவது பெரும்பாலும் தேங்கிய சரக்கு, அதனால் மடிப்பைப் பார். நாட்பட ஒரே மடிப்பில் கிடந்த பட்டு மடிப்புக் கோட்டில் நிறம் வெளுத்திருக்கும், மோசமாக இருந்தால் இழை விட்டிருக்கும். முழுப் புடவையையும் விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்காமல் பில் போடவே விடாதே. வார நாளில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போனால் விரித்துக் காட்டப் பொறுமை இருக்கும். நிறத்தை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார். கடை விளக்கில் அரக்கும் மெரூனும் ஒன்றாகத் தெரியும். வெள்ளைக் கைக்குட்டையை லேசாக நனைத்து உள்பக்க ஓரத்தில் தேய்த்தால் சாயம் போகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அவரைக் கூட்டிப் போ, ஆனால் முதல் ஒரு மணி நேரம் கருத்துக் கேட்காதே. ஐந்து புடவைகளாகக் குறைந்த பிறகு கேள். தொகையை வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். புடவை, ஜிஎஸ்டி 5 சதவீதம், ரவிக்கைத் தையல், ஃபால்ஸ், குஞ்சம் எல்லாம் சேர்த்த தொகையாக இருக்கட்டும். புடவைக்கு மட்டும் கணக்குப் போட்டால் தையற்காரர் பில்லில் மனஸ்தாபம் வரும்.

தைக்கக் கொடுக்கும் வரிசையில் பலர் தடுமாறுவார்கள். ரவிக்கைத் துணி புடவையோடு சேர்ந்து, பெரும்பாலும் உள்முனையில் 80 செ.மீ. இருக்கும். அதை முதலில் வெட்டு, பிறகு வெட்டிய ஓரம் மடித்துத் தைக்கட்டும், கடைசியில் ஃபால்ஸ். ஃபால்ஸ் துணியை இரவு நீரில் ஊறவைத்து உலர்த்தித் தேய்த்த பிறகுதான் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் அது சுருங்கிக் கரை முழுதும் அலை அலையாக இழுத்துக்கொள்ளும். ரவிக்கை லைனிங்குக்கும் அதே ஊறல். ஃபால்ஸை உள்முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஆரம்பித்து, கீழ்க்கரையின் உள்பக்கம் இரண்டரை மீட்டர் வரை கைத்தையலாகப் போடச் சொல். பட்டில் மெஷின் தையல் பிரித்தால் துளை நிற்கும்.

கைக்கரையிலும் கணக்கு உண்டு. பெரிய கரை ஒரு பக்கம் மட்டும் உள்ள புடவை என்றால் இரண்டு கையையும் அந்த 80 செ.மீ. கரையிலிருந்தே எடுக்க வேண்டும், அதாவது தையலுக்கு விடும் துணி உட்பட ஒரு கைக்கு 40 செ.மீ. முழங்கை வரை நீளக் கை வைக்கும்போது பல இடத்தில் துணி போதாமல் போவதும், ஒட்டுப் போடுவதும் இதனால்தான். தையற்காரரிடம் வெட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள். உள்ளே ஓர் அங்குலம் கூடுதல் துணி விட்டுத் தைக்கச் சொல், கல்யாணமான புதிதில் உடம்பு எப்படியும் மாறும். மூன்று வாரம் அவகாசம் கொடு. ஆடி கழிந்தால் ஆவணி முகூர்த்தத் தையல் வந்து குவிந்துவிடும்.

பிறந்தநாளைத் தேதிக்கா நட்சத்திரத்துக்கா என்று உங்கள் வீட்டில் பேச்சு நடப்பதாக எழுதியிருந்தாய். இரண்டும் வேறு வேறு நாளில் வந்தால் உனக்கு லாபம்தானே. நட்சத்திரத்தன்று பட்டுக் கட்டிக் கோயிலில் அர்ச்சனை, தேதியன்று சுடிதாரில் கேக். ஒரே மாதத்தில் நட்சத்திரம் இரண்டு முறை வந்தால் பெரும்பாலும் பின்னதைத்தான் எடுப்பார்கள், அத்தையைக் கேட்டுக்கொள். புதுத்துணிக்கு மஞ்சள் வைக்கும்போது இடுப்பில் செருகுகிற உள்முனையின் மூலையில் பொட்டளவு வைத்தால் போதும். பட்டில் மஞ்சள் போகாது. பட்டோடுதான் கேக் வெட்டுவேன் என்றால், க்ரீம் பட்ட இடத்தைத் தண்ணீர் போட்டுத் தேய்த்துவிடாதே. கத்தி முதுகால் வழித்து எடுத்துவிட்டு டால்கம் பவுடர் தூவி ஒரு மணி நேரம் விட்டுத் தட்டு, மீதியை ட்ரைகிளீனிங் பார்த்துக்கொள்ளும். சென்ட்டைப் புடவை கட்டுவதற்கு முன் அடித்துக்கொள், ஜரிகையில் பட்டால் கறுக்கும்.

கட்டிக் கழற்றியதும் நிழலில் இரண்டு மணி நேரம் காற்றாடவிட்டு, துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வை. பிளாஸ்டிக் உறை வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்று.

புடவை எடுக்கப் போகும் நாளைக்கு முன் இந்த மாதப் பட்ஜெட் என்ன, உனக்கு எந்த நிறங்கள் ஏற்கெனவே இருக்கின்றன என்று எழுது. பச்சை இல்லை என்றுதான் ஞாபகம். இருந்தால் நான் சொன்ன அரக்குக் கரையை மறந்துவிட்டு மாம்பழ மஞ்சளில் தேடு. அளவு ரவிக்கையை இப்போதே எடுத்துப் போட்டுப் பார்த்து வை, கல்யாணத்துக்குத் தைத்தது இப்போது இறுக்கிப் பிடிக்கும். அத்தைக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
வசுமதி