உயர்வுக்கு ஒரு தேதி, கடனுக்கு ஒரு கையெழுத்து

சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியருக்கான அனுமதியையும் சிறு நிறுவனங்களுக்கான நிதியுதவியையும் வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. பத்துப் பேர் உள்ளூர்க்காரர்கள், ஒருவர் எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வெளிநாட்டு ஊழியருக்கான அனுமதி), ஒருவர் எம்ப்ளாய்மென்ட் பாஸ் (உயர்திறன் ஊழியருக்கானது). அந்தக் கடைசி ஒருவருக்காகத்தான் இந்த மடல்.

எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனதும், 2026 ஜனவரி முதல் புதுப்பிப்புக்கும் அதுவே பொருந்துவதும், வயதோடு அது ஏறி 45 வயதில் 10,700 வெள்ளியைத் தொடுவதும் நீங்கள் எழுதிய விதிகள். அவற்றை உங்களுக்கே விளக்கப் போவதில்லை. உள்ளூர்ச் சம்பளத்தை மலிவாக யாரும் வெட்டக்கூடாது என்ற நோக்கத்திலும் எனக்கு மறுப்பில்லை. என் மகளும் நாளைக்கு இதே துறைக்கு வரலாம்.

எங்கள் சோதனைப் பொறியாளர் திருநெல்வேலிக்காரர், 27 வயது. பாஸைப் புதுப்பிக்க அவருக்கு மாதம் ஏறத்தாழ 1,000 வெள்ளி கூட்ட வேண்டும். தகுதியான பையன், கொடுக்க வேண்டியதுதான். ஆனால் எங்கள் பெரிய வாடிக்கையாளர் 90 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார். சட்டப்படி சம்பளம் மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் போயாக வேண்டும். நடுவில் உள்ள இடைவெளியை எதை வைத்து நிரப்புவது?

இதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், எல்லாரும் போன பிறகு, அவர் என் மேசைக்கு வந்தார். பையை இறக்காமல் நின்றபடியே, "அண்ணே, கூடுற பணத்தை நான் மாசாமாசம் உங்ககிட்டயே திருப்பித் தந்துடறேன். பேப்பர்ல மட்டும் இருக்கட்டும்" என்றார். ஊரில் வீட்டுக் கடன், தங்கைக்குப் படிப்புச் செலவு. அவர் சொன்னது குற்றம் என்பது அவருக்குத் தெரியாது. சம்பளத்தைப் பொய்யாக அறிவித்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை என்று எனக்குத் தெரியும். "இனிமே இந்தப் பேச்சே வேண்டாம் தம்பி" என்றேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை அவர்.

எஸ் பாஸுக்கு மாற்றலாமே என்பீர்கள். சேவைத் துறைக்கு ஒதுக்கீடு 10 விழுக்காடு. எங்கள் கணக்கில் அது ஓர் இடம், அதில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்.

சரி, கடன் வாங்கலாம் என்று ஒரு வங்கிக்குப் போனேன். நிறுவனங்களுக்கு உதவும் அரசு அமைப்பான எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் நடப்பு மூலதனக் கடன், வங்கி வழியாக, 500,000 வெள்ளி வரை கிடைக்கும். திருப்ப முடியாமல் போனால் வங்கியின் இழப்பில் பாதியை அரசு பகிர்ந்துகொள்ளும், இளம் நிறுவனமென்றால் 70 விழுக்காடு. நான் கேட்டது வெறும் 40,000. வங்கி நீட்டியது சொந்த உத்தரவாதப் படிவம், இரண்டு இயக்குநர்களும் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொரு இயக்குநர் என் மனைவி. யீஷூனில் எங்கள் சாப்பாட்டு மேசையில் அவள் அதை வரி வரியாகப் படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இது முழுசா என் தலையிலயா?" ஆமாம், முழுசாகத்தான். அரசு தாங்கும் பாதி வங்கிக்குத்தான் நிம்மதி. வாங்கியவன் கடைசி வெள்ளி வரை கட்ட வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான்: சம்பள வரம்பை உயர்த்தும் அதே நாளில், அந்த உயர்வைத் தாங்கும் அளவுக்கு, சொந்த உத்தரவாதம் கேட்காத ஒரு சிறு கடனுக்கும் வழி செய்யுங்கள். மானியம் கேட்கவில்லை. வெளிநாட்டவர் சம்பளத்துக்கு மக்கள் பணம் போகக்கூடாது என்பது நியாயம். வட்டியோடு திருப்பித் தருகிறோம்.

மானியங்களின் கதை வேறு. முதலில் கைப்பணத்தைச் செலவழி, வேலையை முடி, தணிக்கை செய், பிறகு கேள். கையில் பணம் இருப்பவனுக்குப் பணம் தரும் ஏற்பாடு அது. சிறு நிறுவனங்களை வளர்ப்பது பற்றிய கருத்தரங்குகளுக்கும் தவறாமல் போகிறேன். அங்கே தின்னத் தரும் கறிபாப் அருமையாக இருக்கிறது. 'சூழலமைப்பு' என்ற சொல்லை ஒரே காலையில் பதினான்கு முறை கேட்டேன், எண்ணினேன். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் புள்ளி போடும் முறையான காம்பஸில் சம்பளத்துக்குப் பத்துப் புள்ளி வாங்க, எங்கள் துறை உள்ளூர் ஊழியர் சம்பள வரிசையில் 65ஆம் விழுக்காட்டு நிலையை, அதாவது நூற்றில் 65 பேருக்கு மேலான இடத்தை, தொட வேண்டும். அந்த வரிசையில் பாசிர் பாஞ்சாங்கில் இருக்கும் கூகலின் ஊழியர்களும் நிற்கிறார்கள். யாரோடு யாரை ஓடவிடுகிறோம் என்று அந்தக் கருத்தரங்குகளில் யாரும் கேட்கவில்லை.

மன்னிக்கவும், கோபம் எங்கோ போய்விட்டது. பெரிய திட்டம் வேண்டாம். 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு மட்டும், ஆறு மாதச் சம்பள உயர்வின் அளவுக்கு, உத்தரவாதமில்லாத கடன். பாஸ் புதுப்பிப்பு விண்ணப்பத்தோடு சேர்த்தே அதையும் பரிசீலிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தம்பியின் பாஸ் அக்டோபரில் முடிகிறது. படிவம் கையெழுத்தில்லாமல் மேசை டிராயரில் இருக்கிறது.

பணிவன்புடன்,
யீஷூனிலிருந்து ஒரு சிறு முதலாளி