சலங்கையைக் கழற்றச் சொன்ன பெற்றோருக்கு

மட்டக்களப்புக் கல்லடியில் என்னிடம் பரத நடனம் பழகும் பிள்ளைகளின் அம்மா அப்பாமாருக்கு,

வணக்கம். போன மாதம் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். “அந்த நாடகத்தைப் பார்த்த பிறகு மனம் கேட்கேல்ல டீச்சர்” என்றார் ஒரு அம்மா. பாலே என்ற மேலைநாட்டு நடனம் ஆடும் கம்பனி ஒன்றைப் பற்றிய ‘ஃபிளெஷ் அண்ட் போன்’ என்ற அமெரிக்கத் தொடர்தான் அது. 2015இல் வந்தது, மொத்தம் 8 பகுதிகள். அதன் துண்டுகள் யாரோ ஒருவரின் போனில் தொடங்கி உங்கள் எல்லோருடைய போனுக்கும் போயிருக்கின்றன. புண்ணான கால்விரல்கள், தன்னை வருத்திக்கொள்ளும் பெண், எல்லோரையும் ஆட்டிப்படைக்கும் இயக்குநர். “இதுக்குத்தானா பிள்ளையை அனுப்பினது?” என்று ஒரு அப்பா கேட்டாராம்.

நானும் தொடர் முழுவதையும் பார்த்தேன். அது பெரியவர்களுக்கான தொடர். பிள்ளைகளின் கையில் அது போயிருக்கவே கூடாது. ஆட்டம் மட்டும் உண்மை. கதாநாயகியாக நடித்த சாரா ஹே ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பாலே ஆடியவர், கால் அவருடையதேதான். கதையிலோ ஒரு கம்பனியில் நடக்கக்கூடிய கெட்டதெல்லாம் ஒரே பெண்ணின் தலையில் இறங்குகிறது. 2025இல் ‘எத்வால்’ என்று இன்னொரு பாலே தொடர் வந்தது. நியூயோர்க் கம்பனியும் பாரிஸ் கம்பனியும் தங்கள் நட்சத்திரங்களை மாற்றிக்கொள்ளும் சிரிப்புக் கதை. அதிலிருந்து ஒரு துண்டுகூட உங்கள் போனுக்கு வரவில்லை.

சரி, வலி பொய்யா? இல்லை. பாலேக்காரர்கள் நுனிவிரலில் நிற்கப் போடும் சப்பாத்தின் முனை துணியும் கடதாசியும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கியது. பெரிய கம்பனிகளில் ஒரு சோடி ஒரே இரவு ஆட்டத்தில் தளர்ந்துபோவதும் உண்டு. ரிப்பனை ஆடுபவர்களே தைத்துக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் பழகும் தரையைக் கவனித்தீர்களா? நல்ல பாலே வகுப்புகளில் அடியில் இடம் விட்டுப் பலகை அடித்திருப்பார்கள். குதித்து இறங்கும்போது அதிர்வில் ஒரு பங்கைத் தரை வாங்கிக்கொள்ளும். நம் பிள்ளைகள் பாதத்தைத் தட்டித் தட்டடவு போடுவது வெறும் சீமெந்தில். ஒவ்வொரு தட்டும் நேரே முழங்காலுக்குப் போகிறது. முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியில் தொடையை இடுப்பிலிருந்து திருப்பாமல் பாதத்தை மட்டும் வெளியே திருப்பினால் முழங்கால் முறுகும். அதைப் பார்த்துத் திருத்துவது என் வேலை. தரையைப் பற்றி மட்டும் நான் உங்களிடம் ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்களில் சில அப்பாமார் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கூத்தாடியவர்கள். வடமோடிக் கூத்தில் அரசனுடைய கனத்த உடுப்பையும் கிரீடத்தையும் போட்டுக்கொண்டு களரியில் விடிய விடிய ஆடியிருக்கிறீர்கள். அரங்கேற்றம் முடிந்த பிறகும் வீட்டுக்கு வீடு போய் ஆடியிருக்கிறீர்கள். கால் வீங்கினால் எண்ணெய் போட்டு உருவிவிட்டு அடுத்த நாளும் ஆடியதைப் பெருமையாகக் கதைப்பீர்கள், எனக்கும் அது பெருமைதான். அந்தக் காலுக்குக் கிடைத்த மதிப்பு மகளின் காலுக்கும் கிடைக்கட்டுமே.

எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது வேறோர் இடத்தில். இரண்டு கிழமைக்கு முன் வகுப்பு இடைவேளையில் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். நாலு இடியப்பம், ஓரத்தில் சம்பல். பார்த்துவிட்டு மூடினாள். தண்ணீர் மட்டும் குடித்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். “அரங்கேற்றத்துக்கு மெலியணும் டீச்சர், அவங்கள மாதிரி” என்றாள். நாடகத்தைப் பார்த்து நீங்கள் பயந்தீர்கள். பிள்ளை ஆசைப்பட்டிருக்கிறாள்.

அந்த ஆசைக்கு முதல் விதையைப் போட்டது நான். போன வருடம், எல்லோர் முன்னாலும், “இடுப்பைக் கொஞ்சம் குறை, உடுப்பு நிற்காது” என்று அவளிடம் சொன்னது என் வாய்தான். நான் படித்த காலத்தில் என் ஆசிரியை என்னிடம் சொன்னதும் அதே வார்த்தை. அன்று வீட்டுக்குப் போய் அழுதவள் நான், அப்படியிருந்தும் சொல்லிவிட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களிடமும் கேட்கிறேன்.

வளரும் பெண்பிள்ளை வயிறாரச் சாப்பிடாமல் மணிக்கணக்கில் ஆடினால் மாதவிடாய் தவறும், எலும்பு பலம் குறையும், தட்டித் தட்டியே எலும்பில் மெல்லிய வெடிப்பு வரும். பாலேக்காரர்கள் பட்டு அறிந்தது இது. எங்களுக்கும் பொருந்தும். இனி என் வகுப்பில் யாருடைய உடம்பைப் பற்றியும் கதையில்லை. வீட்டில் நீங்களும், விசேஷங்களுக்கு வரும் மாமிமாரும் “என்ன, குண்டாகிட்டாய்?” என்று கேட்பதை நிறுத்த வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வரும் பிள்ளை சாப்பிட்ட பிறகே சலங்கை கட்டுவாள். கால்மணித்தியாலம் பிந்தினால் பிந்தட்டும்.

நின்றுபோன இருவரில் ஒருத்திக்கு வட இலங்கைச் சங்கீத சபையின் நடனச் சோதனை வருகிறது. பிறகு பள்ளிக்கூடத்து உயர்தரப் பரீட்சை, அதற்குப் பிறகு இங்கே கல்லடியிலேயே விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் என்று அவள் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். எனக்குக் காட்டியிருக்கிறாள். உங்களுக்குக் காட்டினாளோ தெரியாது. கேட்டுப் பாருங்கள்.

பிள்ளையை நிறுத்துவதற்கு முன் என்னை வந்து கேளுங்கள். என்ன சொல்லித் திட்டுகிறேன், எவ்வளவு நேரம் நிற்க வைக்கிறேன், கால் நோகுது என்றால் என்ன செய்கிறேன், எல்லாவற்றையும் கேளுங்கள். இதுவரை கதவைச் சாத்தி வைத்துத்தான் படிப்பித்தேன். இனிக் கதவு திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வகுப்பு, பின்னால் கதிரை போட்டு வைக்கிறேன். உங்களில் இரண்டு பேருக்கு மரவேலை தெரியும். வரும்போது அளவு நாடாவையும் கொண்டு வாருங்கள், அந்தத் தரைக்குப் பலகை எவ்வளவு போகும் என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் நடன டீச்சர்