வீட்டில் பீர் தயாரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

இவ்வாண்டு செயலவை நான்கு முறை கூடியது. தீபாவளி ஒன்றுகூடல் நடந்தது. புதிய உறுப்பினர் இருவர்.

இனி, நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்த 'வீரியமான' பீர். நமது வழக்கமான 20 லிட்டரில் ஆல்கஹால் 5 விழுக்காடு. ஒரு கிலோ சீனி சேர்த்தால் இன்னும் இரண்டரை விழுக்காடு ஏறும். முதல் முறை சீனி முழுவதையும் தொடக்கத்திலேயே கொட்டி, என் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் 30 டிகிரியில் நொதிக்க விட்டேன். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடைதான் வந்தது. குடித்த மூவருக்கும் மறுநாள் தலைவலி. பழியை ஏற்கிறேன்; அவசரப்படுத்தியவர்கள் யார் என்பது கூட்டக்குறிப்பில் இருக்கிறது.

இரண்டாம் முறை பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்றை வாங்கி 19 டிகிரியில் நிறுத்தினேன். ஈஸ்ட் இரண்டு பொட்டலம். முதலிலேயே சீனியைத் தின்று பழகிய ஈஸ்ட், பிறகு மால்ட்டின், அதாவது முளைகட்டிய பார்லியின், சர்க்கரையைத் தொடச் சோம்பும். ஆகவே சீனியைப் பாகாக்கி ஆறவைத்து, நுரை தணிந்த நான்காம் நாள் பாதி, ஆறாம் நாள் பாதி ஊற்றினேன். பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் அசையாமல் 1.008இல் நின்று, நொதித்தல் முடிந்தது எனக் காட்டிய பிறகே புட்டியில் அடைத்தேன். ஏழரை விழுக்காட்டுக்குச் சற்று மேல்! காத்திராமல் அடைத்த உறுப்பினர் வீட்டில் ஆறு புட்டிகள் நள்ளிரவில் வெடித்தன. பெயர் வேண்டாம், அவருடைய அண்டைவீட்டாருக்குத் தெரியும்.

புட்டி கழுவ வந்தவர்கள் இருவர். திறந்த அன்று வந்தவர்கள் பதினேழு பேர்.

'வடித்தால் இன்னும் ஏறுமே' என்ற யோசனையைக் குறிப்பில் ஏற்றவில்லை. சிங்கப்பூரில் வீட்டில் பீர் தயாரிக்கலாம், சாராயம் வடிக்கக்கூடாது.

வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துவருகின்றன, பொருளாளர் விளக்குவார். பெட்டி வாங்கியதில் ஒரு சிறு தொகை என் கையிலிருந்து போனது, அதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. ஒன்பது பேர் சந்தா தரவில்லை. 'பீருக்குக் காசா?' என்கிறார்கள். பீரை விற்கச் சட்டம் இடம்தரவில்லை, சந்தா கருவிகளுக்கு. அந்தக் கருவிகளில் வந்த பீரை ஒன்பது பேரும் குடித்தார்கள்.

தலைவருக்கும் பொருளாளருக்கும் நன்றி. மீன் வைக்க இடமில்லாமல் ஓராண்டு பொறுத்த என் மனைவிக்கும்.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒரு சொல். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் அனுமதி. என் வீட்டுப் பங்கைச் சங்கமே குடித்துவிடுகிறது. இடவசதி உள்ளவர்கள் பெட்டியை எப்போது வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம். மின்தூக்கி என் வாசலிலேயே நிற்கும்.

செயலாளர்