குளிப்பாட்ட வேண்டாம் என்றேன்

காவேரிப்பட்டினம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

மூன்று மாதமாக நான் எழுதவில்லை. நீயும்தான் எழுதவில்லை, கணக்கு சரி. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்துவிட்டது. யார் என்று கேட்காதே, உனக்குக்கூடச் சொல்ல மாட்டேன். ஏழு வயது. செய்தவன் அந்த வீட்டில் உண்டு வளர்ந்த உறவுக்காரன். தாய் என்னிடம் ஓடிவந்து, குழந்தையைக் குளிப்பாட்டிவிடட்டுமா என்றுதான் முதலில் கேட்டாள். குளிப்பாட்டாதே, துணியைத் துவைக்காதே, தடயம் போய்விடும், துணியைக் காகிதப் பையில் எடுத்து வை என்றேன். துருவித் துருவிக் கேட்காதே, "நீ சொல்வதை நம்புகிறேன், உன்மேல் தப்பே இல்லை" என்று மட்டும் சொல் என்றேன். உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தேன்.

அதற்குள் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். பெண் பிள்ளை, வெளியே தெரிந்தால் வாழ்க்கை போய்விடும், பேசி முடித்துவிடலாம் என்றார்கள். முடிக்க இது வரப்புத் தகராறா செல்வி? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே குற்றம் என்றேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னேன். குழந்தையின் பெயரையோ படத்தையோ வெளியிட யாருக்கும் உரிமை இல்லை என்றும் சொன்னேன்.

காவல் நிலையம் என்றதும் தாய் பயந்தாள். ஆனால் பெண் உதவி ஆய்வாளர் சீருடை இல்லாமல் வீட்டுக்கே வந்தார். குழந்தை பாட்டி மடியில் உட்கார்ந்தபடி பேசியது. பெண் மருத்துவர்தான் பரிசோதித்தார், தாய் பக்கத்திலேயே இருந்தாள். சிகிச்சைக்குப் பணம் வாங்கவில்லை. வழக்கு முடியும்வரை கூடவே வர, குழந்தைகள் நலக் குழு ஓர் ஆதரவு நபரை அமர்த்தியிருக்கிறது. சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் கிடைப்பார், தீர்ப்புக்கு முன்பே இடைக்கால இழப்பீடும் கேட்கலாம். நீதிமன்றத்தில் அவன் முகத்தைக் குழந்தை பார்க்கவே வேண்டியதில்லை. இதைக் கேட்டபிறகுதான் அந்தத் தாய் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

என் கவலையெல்லாம் இப்போது அவள்மேல்தான். "நான்தானே அவனை நம்பி விட்டுவிட்டுப் பூப்பறிக்கப் போனேன்" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். குழந்தையாவது கொஞ்சம் விளையாடுகிறது, இவள் தூங்குவதே இல்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மன ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநரிடம் குழந்தையை அழைத்துப் போகும்போது, இவளுடனும் தனியாகப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உறவு பாதி முறிந்துவிட்டது. அவனுடைய ஆட்கள் வாசலில் வந்து நின்றால் பேச்சுக் கொடுக்காமல் ஆதரவு நபரிடமும் காவல் நிலையத்திலும் சொல்லிவிடு என்று தினமும் நினைவூட்டுகிறேன்.

உன் பள்ளிச் சுவரில் 1098-உம், மாணவர் உதவி எண் 14417-உம் குழந்தைகள் கண்ணில் படும் உயரத்தில் இருக்கின்றனவா? பள்ளிக்குப் போனதும் பார்.

வியாழக்கிழமை குழந்தை நீதித்துறை நடுவரிடம் வாக்குமூலம் தரப் போகிறது. நானும் கிருஷ்ணகிரிக்குக் கூடப் போகிறேன். அரூரிலிருந்து இரண்டு நாள் விடுப்பில் வாயேன். அந்த வீட்டில் அடுப்பு எரிந்து நாளாகிறது. உன் புளிக்குழம்பை ஊரே மெச்சும் என்று விடுதிக் காலத்திலிருந்து பீற்றிக்கொள்கிறாயே, வந்து வைத்துக் கொடு.

உன்,
மல்லிகா